பூத்த பிறகு தெரிந்த பெயர்

பதினேழு வருடங்களாகப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். புல் குடும்பத்தின் பண்புகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் கொல்லையில் நின்ற மூங்கில் என்ன இனம் என்று ஒருவர் கேட்டபோது மட்டும் சொல்லத் தெரியவில்லை.

ஆரணிக்கு வெளியே, செய்யாறு போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது வீடு. நாங்கள் வாங்கும்போதே வாய்க்கால் ஓரமாக இரண்டு வரிசையில் மூங்கில் புதர்கள் நின்றன. மொத்தம் இருபத்தாறு. விற்றவர் தேசூர்க்காரர். "ஏதோ நர்சரியில குடுத்தாங்க, வெச்சேன்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. கணவருக்குச் செய்யாற்றில் கம்பெனி வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் வந்துவிடும். மூங்கிலை நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

கம்பெனியில் ஒரு பாரத்தைத் தூக்கப் போய் அவருடைய முதுகுத்தண்டில் வட்டு விலகியது. ஆபரேஷன் செய்தோம். மூன்று மாதம் கழித்துப் போனபோது, இவருக்குத் தோதான வேலை இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் பள்ளிக்குப் போகும்போது எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே திரும்பி வரும்போதும் படுத்திருப்பார். மூடி வைத்த சோறு மூடியபடி இருக்கும். முதலில் விசாரிக்க வந்தவர்கள் பிறகு தெருவிலேயே கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் கேட்பதையும் விட்டார்கள்.

அப்படியொரு நாளில்தான் அந்தக் கழி வியாபாரி வந்தார். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவர்களுக்குக் கழி கொடுப்பவர். சாலையில் போகும்போது எங்கள் மூங்கிலைப் பார்த்து ஸ்கூட்டரைத் திருப்பியிருக்கிறார்.

"இது என்ன ஜாதிங்க?"

"மூங்கிலுதான்" என்றார் கணவர்.

"அது தெரியுதுங்க. பால்கூவாவா, கல்மூங்கிலா?"

கணவர் என்னைப் பார்த்தார். பால்கூவா என்று ஒரு மூங்கில் உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவர் காதில் அது பால்கோவா என்று விழுந்ததாகப் பிறகு சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சிரித்தோம்.

வியாபாரி விளக்கினார். "பால்கூவான்னா லேசுல பூக்காது. வருசா வருசம் வெட்டிகினே இருக்கலாம். கல்மூங்கில் அப்படி நம்பறதுக்கு இல்லீங்க. ஒரு தபா பூத்துச்சுன்னா புதரே காஞ்சிடும். எதுன்னு நல்லா விசாரிச்சி சொல்லுங்க. பால்கூவான்னா மூணு வருசத்துக்கு நானே எடுத்துக்கிறேன்."

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் மூங்கில் புதருக்குள் நின்றார். கையில் என் பழைய ரெக்கார்டு நோட்டு. முள் இல்லை, ஆகவே முள்மூங்கில் இல்லை என்று முதல் வரியை எழுதியிருந்தார். ஒரு கழியை அறுத்து உள்ளே எவ்வளவு துளை இருக்கிறது என்று அளந்தார். கணுவை மூடியிருக்கும் பழுப்பு மட்டைகளைப் பொறுக்கி வந்து கூடத்தில் பரப்பினார். அவற்றின் ரோமம் குத்தி அவர் விரலெல்லாம் அரித்தது. அதைப் பற்றிக் குறை சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

என்னோடு கல்லூரியில் படித்தவள் வனத்துறை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருக்கிறாள். அவளுக்குப் படங்களை அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன்.

"ஃபோட்டோவ வெச்சி சொல்ல முடியாதுடி" என்றாள். "ரெண்டும் முள்ளில்லாதது, ரெண்டும் தடிச்ச கழி. கணுவுக்கு மேல வெள்ளையா வளையம் இருக்குதான்னு பாரு. இருந்தா பால்கூவாவா இருக்கலாம். கல்மூங்கில்லயும் புதுக்கழி வெள்ளையா இருக்கும், ஆனா அது மாவு. தொட்டா கையோட வந்துடும். பூ வந்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். ஆனா வராம இருக்கிறதுதான் உனக்கு நல்லது."

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். சாயந்தரம் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "வந்து பாரு. வளையம் இருக்குது."

இருந்தது. ஒவ்வொரு புதுக்கழியிலும் கணுவுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. அவர் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார், எதையும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் குளிக்கப் போன நேரத்தில், நான் மட்டும் போய் ஒரு கணுவின்மேல் கட்டைவிரலால் தேய்த்தேன். வெள்ளை விரலோடு வந்துவிட்டது. தேய்த்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் முகம் மழித்துக்கொண்டு வந்து நின்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டார். போட்டேன்.

அன்றே அவர் வியாபாரிக்கு ஃபோன் போட்டார். "பால்கூவாதாங்க. வீட்ல டீச்சரு, நல்லா பாத்துதான் சொல்றோம்." மழைக்காலம் முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்றார் வியாபாரி. மழை முடிந்தும் வரவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று கணவர் புதர்களைச் சுற்றிச் சுத்தம் செய்து வைத்தார்.

மாசிவாக்கில் இலையெல்லாம் உதிர்ந்தது. வழக்கமாக உதிர்வதுதான். ஆனால் புது இலை வரவில்லை. துணி உலர்த்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். மொட்டைக் கிளைகளில் கணுவுக்குக் கணு முள் உருண்டை போலப் பழுப்பாக எதுவோ கோத்திருந்தது. பாடப் புத்தகத்தில்கூட நான் பார்த்திராத பூ. படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: கல்மூங்கில்தான், சந்தேகமே இல்லை, எத்தனை புதர் பூத்திருக்கிறது? எல்லாமே என்று அனுப்பினேன். நெடுநேரம் கழித்து, சாரிடி என்று மட்டும் வந்தது.

அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"பூத்துடுச்சுங்க. கல்மூங்கிலுதான்."

"பாத்தேன். நாலு நாளா பாத்துகினுதான் இருக்கேன்."

"எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கே தேச்சிப் பாத்தேன். வெள்ளை கையோட வந்துச்சு. உங்ககிட்ட சொல்லல."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, "நானும் தேச்சிப் பாத்தேன். உனக்கு முன்னாடியே" என்றார்.



வியாபாரி அந்த வாரமே வந்தார். ஒரு கழியைத் தட்டிப் பார்த்தார். "பால்கூவான்னீங்களேங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"தெரியாம சொல்லிட்டேன்" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம் என்று சொல்லியிருக்கலாம். வியாபாரி ஒரு கழிகூட எடுக்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

சித்திரையில் மூங்கிலரிசி உதிர்ந்தது. எங்கிருந்தோ எலிகள் வந்தன. கணவர் ஒரு கைப்பிடி அரிசியைப் பொறுக்கி, முளைக்கப்போட்டால் எத்தனை வருடத்தில் நல்ல கழி வெட்டலாம் என்று கேட்டார். ஏழெட்டு வருடம் ஆகலாம் என்றேன். கையை விரித்து அரிசியை அங்கேயே விட்டுவிட்டார்.

காய்ந்த கழிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. தீப்பிடித்தால் தங்கள் வீடுகளும் போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சொன்னது நியாயம்தான். விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். வேரைப் பெயர்க்க ஜேசிபி வந்த அன்று அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, கடைசிப் புதர் வரை நின்று பார்த்தேன்.

இப்போது பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் அடுப்படி வரைக்கும் வருகிறது. ஒரு மாதத்துக்கு முன் அவர் டவுனில் ஒரு பட்டுக் கடையில் வாட்ச்மேன் வேலை கேட்கப் போனார். நாள் முழுக்க நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கும் கேட்கவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.