மூன்றாவது கியரில் மூக்கம்மா

மூன்றாவது கியர் விழுந்ததும் அக்காவின் கை தானாகப் பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. முதல் கியரில் போகாது. அப்போது வண்டி பழகுபவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டாவதிலும் போகாது. மூன்றாவதில் வண்டி கொஞ்சம் மூச்சு விட்டு ஓடத் தொடங்கும். அதுவரை காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்ற பழகுபவரின் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கும். அந்த நேரம் பார்த்துத் திருகிவிடுவார். வண்டிக்குள் ஒரு குரல் வரும். அதைக் குரல் என்று ஒப்புக்கொள்ளவே சிலருக்கு இரண்டு தெரு ஆகும்.

"எப்படி இருக்கு?" என்பார் அக்கா.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று உண்டு. "நல்லா இருக்குக்கா" என்பது நிச்சயமாக அது இல்லை. அப்படிச் சொன்னவர்கள் ரவுண்டானாவை இன்னும் மூன்று முறை சுற்ற வேண்டியதுதான். "கேட்ட ரெண்டாவது செகண்ட்ல நல்லா இருக்குன்னு சொன்னா அது பொய். பொய் சொல்றவங்க கண்ணாடி பாக்காமயே பாத்தேன்னு சொல்லுவாங்க" என்பது அவருடைய கட்சி. மாறாக, "சகிக்கலக்கா, தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்று யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டால் முகமெல்லாம் பூரிப்பு. "அப்படி வாங்க வழிக்கு! இப்ப ஏன் சகிக்கலன்னு எனக்கு விளக்கமா சொல்லிட்டே, அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல நிறுத்துங்க பாப்போம்."

பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அக்காவின் தொழில். பதினாறு வருஷமாக ஒரே வார்த்தையை நாளுக்கு நானூறு தடவை சொல்லிச் சொல்லி, பெயரே கிளட்ச் அக்கா என்று ஆகிவிட்டது. லிஃப்டில் யாராவது காலை மிதித்தால் மற்றவர்கள் "ஐயோ" என்பார்கள். இவர் "கிளட்ச், கிளட்ச்!" என்பார். மிதித்தவர் எதற்கென்று புரியாமலே மன்னிப்புக் கேட்பார்.

சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. அதற்குள் இருக்கும் பாடகர்களுக்கு அவரவர் வீட்டில் நல்ல பெயர்கள் வைத்துத்தான் இருப்பார்கள். அக்கா அதையெல்லாம் பயன்படுத்துவதில்லை. தகரம் என்று ஒருவர்: கீழே ஆரம்பித்து மேலே போகப் போகத் துரு ஏறுகிற தொண்டை. மூச்சுவாங்கி என்று ஒருவர்: மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டியவர் மாதிரியே பாடுவார், வார்த்தைக்கு நடுவில் நிறுத்தி இளைப்பாறுவார். எல்லோருக்கும் மேலே மூக்கம்மா. இந்த அம்மாள் பாட்டு முழுவதையும் மூக்கு வழியாகவே நடத்திவிட்டு, வரியின் கடைசியில் மட்டும் திட்டுகிற மாதிரிக் குரலைக் கீழே போடுவார். மூக்கம்மா பாட்டைக் கேட்டு ஒரு பெண் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஸ் ஏறிப் போயிருக்கிறாள். மறுநாள் அவளே திரும்பி வந்தாள். அக்கா விட்ட இடத்திலிருந்து பாட்டைப் போட்டார்.

விதண்டாவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவிடம் நியாயம் இருக்கிறது. "நல்ல குரல், நல்ல குரல்னு சொல்றீங்களே, அது புதுசா தார் போட்ட ரோடு. வழுக்கிட்டுப் போகும், தூக்கம் வரும். தகரம் குரல் மேடு பள்ளம். கண்ணு தொறந்தே இருக்குமா இல்லையா?" என்று ஆரம்பிப்பார். மூக்கம்மாவின் பாட்டொன்றில் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அதே பாட்டை இன்னும் இரண்டு மூன்று பேர் தேன் ஒழுகப் பாடியிருக்கிறார்கள். "அவங்க பாடினா அவ காத்திருக்கிறது என்னவோ பெரிய சுகம் மாதிரி இருக்கு. இந்தம்மா பாடினாத்தான் அவளுக்குக் கால் வலிக்குதுன்னு தெரியுது. நீங்க பஸ்ஸுக்கு நின்னதில்லையா? சொல்லுங்க, எது நிஜம்?" இதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எதிரே பஸ் வேறு வந்துகொண்டிருக்கும்.

பல் டாக்டர் அம்மா ஒருவர் பழக வந்தார். முதல் நாளே, "என் டிரில் மிஷின் சத்தம் இதுக்கு எவ்வளவோ தேவலை" என்றார். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. லைசென்ஸ் தேர்வன்று அதிகாரி அக்காவின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் அக்கா. தூறல் போட்டது. வைப்பரைப் போடுகிறேன் என்று டாக்டர் எதையோ அழுத்த, முழுச் சத்தத்தில் மூக்கம்மா எழுந்தார். டாக்டர் அசையவில்லை, ஆறு வாரப் பழக்கம். அதிகாரிதான் தூக்கிவாரிப்போட்டு, பழகும் வண்டியில் அந்தப் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். மிதித்த அதிர்ச்சி வேறு அவருக்கு.

"என்னம்மா அது சத்தம்?"

"பாட்டு சார்."

"பாட்டா!" கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதுலயும் கோட்டை விட்டு வண்டி விலகலையே. போங்க, பாஸ்."

லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே டாக்டர் அந்தப் பென் டிரைவில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கிளினிக்கில் போடுகிறாராம். டிரில்லே தேவலை என்று நோயாளிகள் அசையாமல் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்களாம். இதை ஆதரவு என்று எடுத்துக்கொள்வதா, அவமானம் என்று எடுத்துக்கொள்வதா என்று அக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஆதரவு என்றே வைத்துக்கொண்டார்.

இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வீட்டுக்காரரைக் கை காட்டுவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர், பரம சாது. கல்யாணம் நிச்சயமான புதிதில் போனில் அக்காவுக்காக ஒரு பாட்டுப் பாடினார். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "அப்புறம் பேசலாங்க, கரகரன்னு கேக்குது" என்று வைத்துவிட்டார் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. "என்ன பண்றது, அதுக்குள்ள எனக்குப் பழகிப்போச்சு. ஒரு நாள் பாடலன்னா வீடு என்னவோ மாதிரி இருக்கும்" என்று சொல்லும்போது அக்காவுக்கு இப்போதும் லேசாக முகம் சிவக்கிறது.

அந்தக் குரலை மகள் அப்படியே வாரிக்கொண்டு பிறந்தாள். கல்லூரி முதல் வருஷம். பேசினால் ஒன்றும் தெரியாது. பாடினால் தூங்கி எழுந்த தொண்டையோடு தொடங்கி, உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைந்து இரண்டாகப் போய்விடும். போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, ஆண்டு விழாவில் தனியாகப் பாடப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

பதினாறு வருஷம் ஊரில் உள்ள ஓட்டைத் தொண்டைகளுக்கெல்லாம் வக்கீலாக வாதாடிய அக்காவின் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எதுக்குடி தனியா? கோரஸ்ல சேந்துக்கோயேன். பின் வரிசைல நின்னா நல்லா இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மகள் கையை உதறி எழுந்தாள். "தகரம் பாடினா ஆகா ஓகோ. முன்னப்பின்ன தெரியாத மூக்கம்மாவுக்காக ரோட்ல சண்டை போடுவ. நான் பாடினா மட்டும் உனக்கு மானம் போகுது, இல்லம்மா?"

அதோடு பேச்சு நின்றது. எட்டு நாள். வீட்டில் செய்தித் தொடர்பு முழுவதும் லென்ஸ்காரர் தலையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அவ தண்ணி கேக்குறா", "உங்கம்மா எடுத்துக்கச் சொல்றா", "எடுத்துக்கிட்டாளாம்" என்று ஒரு கை தூரத்துக்கு அஞ்சல் நடத்தினார். ஐந்தாம் நாள் அவருக்கே யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று குழம்பி, மனைவியைப் பார்த்து "காலேஜ் அசைன்மென்ட் முடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. வண்டியிலும் பாட்டு இல்லை. மூன்றாவது கியர் விழும், அக்காவின் கை மடியிலேயே கிடக்கும். பழகுபவர்கள், ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று பயந்து இரண்டாவதுக்கே திரும்பினார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று கத்துவதற்காகக் கதவு வரை போன அக்கா அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். அம்மா காதில் விழக் கூடாது என்றுதான் குழாயைத் திறந்து வைத்திருக்கிறாள். குரல் ஏறியது, ஏறியது, அந்த இடத்தில் உடைந்தது. அக்காவின் கையில் மயிர் கூச்செறிந்தது. எந்த மூக்கம்மாவுக்கும் இப்படி ஆனதில்லை. கூடவே பயமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

குழாய் நின்றது. கதவு திறந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"ரெண்டு பக்கெட் நேரமா."

"சிரிக்கணும்னா சிரிச்சுடு."

"சிரிப்பு வரலடி. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருக்குன்னு சொல்றவங்கல்லாம் பொய் சொல்றாங்கன்னு நீதானே சொல்லுவ?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "இங்க பாரு. தகரத்தை நாலு பேரு கேலி பண்ணா எனக்குச் சண்டை போட ஜாலியா இருக்கும். அவருக்கு வலிக்குமா வலிக்காதான்னு நான் நெனச்சதே இல்ல. உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிச்சாலும் என்னால தாங்க முடியாது. அதான் பின் வரிசைன்னு உளறிட்டேன். தப்புதான்டி. பாடு."

மகள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டாள். "சரி, விழாவுக்கு வா. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். யாரு சிரிச்சாலும், யாரு என்ன சொன்னாலும் நீ வாயே தொறக்கக் கூடாது. சண்டை கூடாது. நீ சண்டை போட்டா அவங்க உன்னைத்தான் பாப்பாங்க, என் பாட்டு போயிடும்."

"மூச்."

"இப்பவே பேசுறியே."

விழா சனிக்கிழமை மதியம். அக்காவுக்கு இடப்பக்கம் வீட்டுக்காரர்; மகள் பெயரை அறிவித்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டார், உலகத்துக்கே கண்ணாடி செய்து கொடுப்பவர். வலப்பக்கம் நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா. அவருடைய பெண் சற்று முன்புதான் குளுகுளுவென்று பாடி, எல்லோரிடமும் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தாள். அந்தப் பாட்டில் அக்காவுக்கு இரண்டு முறை கொட்டாவி வந்தது. நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டார்.

மகள் மைக்கைப் பிடித்தாள். முதல் வரியிலேயே அரங்கத்தில் தலைகள் திரும்பின. முன் வரிசைகளில் ஒரு கொத்துச் சிரிப்பு. யாரோ விசிலடித்தார்கள். மகளின் விரல்கள் மைக்கில் இறுகியது பதினான்காவது வரிசை வரைக்கும் தெரிந்தது. நிறுத்திவிடுவாள் என்று அக்கா நினைத்தார். நிறுத்தவில்லை. இரண்டாவது வரி முதல் வரியைவிடக் கரகரப்பாக வந்தது. சிரிப்பில் பாதி தானாக அடங்கியது. மீதிப் பாதி அடங்கவில்லை.

"ஐயோ, யாருங்க இந்தப் பொண்ணு?" என்று நீலச் சேலை அம்மா அக்காவின் பக்கம் சாய்ந்தார். "மைக் ரிப்பேரா, தொண்டையே இப்படியா? வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்களா?"

அக்காவின் வாய் திறந்தது. பதினாறு வருஷத்து வாதம் முழுவதும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வாய் மூடிக்கொண்டது.

பாட்டு உச்சத்தை நோக்கி ஏறியது. நீலச் சேலை அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு இடது காதுக்குள் விரலை வைத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் காதிலிருந்து மெதுவாக எடுத்து, கையைத் தன் மடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிறவரை விடவில்லை.