வீட்டுக்கு மேலே பறந்த காலை

மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது விமானம் ஓட்டப் படிக்கப் போனேன். அவளைக் காரைக்குடியில் கணவரிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் அரைநாள் தொலைவிலிருந்த பயிற்சிப் பள்ளி விடுதியில் தங்கியிருந்தேன்.

பள்ளிக்கு மேலேயே சுற்றிச் சுற்றிப் பறந்தால் உரிமம் கிடைக்காது. தூரத்து ஊர் ஒன்றில் இறங்கித் திரும்பும் பயணங்களும் வேண்டும். கிராஸ் கன்ட்ரி என்பார்கள். அந்த மணிநேரங்களைச் சேர்க்க, வானிலை பார்த்து, விமானம் காலியாகும்வரை நாங்கள் எல்லோரும் காத்துக்கிடப்போம். ஒருநாள் பலகையில் என் பெயருக்கு நேரே மதுரை என்று எழுதியிருந்தது. காரைக்குடி வழியாக, தனியாக.

கணவருக்குப் போன் செய்து நேரத்தைச் சொன்னேன். மாடியில் நிற்பதாகச் சொன்னார். ஊரைக் கண்டதும் தாழப் பறக்கும் ஆசையெல்லாம் வேண்டாம் என்று பயிற்சியாளர் கண்டித்து அனுப்பினார்.

எதிர்க்காற்று வேகத்தைக் குறைத்தது. திருச்சியைத் தாண்டும்போதே நான் சொன்ன நேரம் கடந்துவிட்டது. செட்டிநாட்டுக்குள் நுழைந்ததும், போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட பழைய ஓடுதளம் கருவேலங்காட்டுக்கு நடுவே நீளமாகக் கிடந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். இறங்க முடியாது.

பிறகு ஊர் வந்தது. ஊரணிகள், ரயில் பாதை, வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், மாடி வீடுகள். எல்லா மாடியிலும் துணி காய்ந்தது. எங்கள் தெரு எதுவென்று தேடுவதற்குள் வானொலியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உயரத்தையும் திசையையும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தபோது கீழே கண்மாயும் வயலும்தான் இருந்தன.

மதுரையில் இறங்கி, எரிபொருள் நிரப்பும்வரை ஓரமாக நின்று போன் செய்தேன்.

"ரொம்ப நேரம் மாடியிலதான் நின்னோம். பசிக்குதுன்னு சொன்னா, கீழ கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார் கணவர். "சத்தம் கேட்டதும் தட்டைப் போட்டுட்டு ஓடுனா."

போனை அவளிடம் கொடுத்தார்.

"அம்மா, நீ போறதத்தான் பாத்தேன்" என்றாள். "வாறதப் பாக்கல."

திரும்பும் வழி காரைக்குடிப் பக்கம் வராது; அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். அடுத்த தடவைக்கு எனக்கு வேறு வழித்தடம் போட்டார்கள்; அதற்கடுத்ததும் அப்படித்தான். மணிநேரங்கள் சேர்ந்தன, உரிமம் வந்தது, வேலையும் கிடைத்தது. காரைக்குடி வழி மட்டும் எனக்குத் திரும்ப விழவில்லை.

இப்போது பயணிகள் விமானத்தில் துணை விமானி. மகள் ஏழாவது படிக்கிறாள். வேலை வேறு ஊரில். விடுப்பு கிடைத்தால் வீடு. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் நாட்களில் வானம் தெளிவாக இருந்தால், கேப்டனின் தோளுக்கு அப்பால் இடப்பக்கம் எங்கள் ஊர்த் திசையைப் பார்ப்பேன். இறங்கி, பயணிகள் போனதும் அவளைக் கூப்பிடுவேன். பெரும்பாலும் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.