பச்சைப் பொட்டு

என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் கால் விரல் பத்தும் இருக்கின்றன. அதற்காக நான் முதலில் கும்பிடுவது மாரியாத்தாளை. அடுத்தது, பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளியம்மாவை.

வீட்டுக்காரர் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஏற்கெனவே சீனி நோய். கத்தி பட்டுப் பெருவிரலில் வந்த சின்னப் புண் ஆறவே இல்லை. அடுத்த மாதத்துக்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் இருந்த நர்ஸ்தான் தைரியம் சொன்னார். "கடைச் சாமான்ல வட்டமா கலர் போட்டிருக்கும். செவப்புன்னா சீனி கூட, பச்சைன்னா கொறவு. பாத்து வாங்குங்க."

அன்றிலிருந்து நான்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே லேபல் இன்ஸ்பெக்டர். நாலெழுத்து படித்தவள் என்ற திமிர் வேறு. சிவப்பு வட்டம் இருந்த சோடாவும் ஜேமும் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் அவருக்குப் பால் இல்லாத பிளேன்டியோடு பிஸ்கட் வேண்டும். பஜாரில் தேடித் தேடி, ஓரத்தில் பச்சைப் பொட்டு வைத்த இந்தியா பிஸ்கட் ஒன்றைப் பிடித்தேன். காலையில் நாலு, மாலையில் நாலு. அவருக்கென்று வாங்கியதை நான் வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது. டொக்டர் இன்னும் இரண்டு வாரம்தான் தவணை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எந்தக் கடையில ஒளிஞ்சு திங்கிறீங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்களா?"

"மாரியாத்தா சத்தியமா நீ குடுக்கிறதத் தவிர எதையும் தொடல புள்ள."

"பொய்ச் சத்தியம் வேறயா!" என்றேன். நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிஸ்கட்டை மட்டும் நேரம் தவறாமல் வைத்தேன்.

ஐந்தாம் நாள் பஜாருக்குப் போய் அதே பிஸ்கட்டில் மூன்று பக்கெட் கேட்டேன். முதலாளியம்மா சிரித்தார். "வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்களாக்கா?"

"இல்லீங்கம்மா, அவருக்குச் சீனி. அதான் பச்சைப் பொட்டு பாத்து வாங்குறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயய்யோ அக்கா! இது சைவப் பொட்டு. மாமிசம், முட்டை இல்லைன்னு இந்தியாவுல வைக்கிற பொட்டு. சீனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

பக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். நூறு கிராமுக்கு எவ்வளவு சீனி என்று பார்த்து, அவ்வளவையும் தராசில் நிறுத்துத் தாளில் கொட்டிக் காட்டினார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"பொட்ட நம்பாதீங்க. பின்னால திருப்பிப் பாருங்க. என்னென்ன போட்டிருக்குன்னு எழுதுனதுல மொதல்ல இருக்கிறதுதான் கூட இருக்கும்" என்றார். வாங்க வந்த மூன்று பக்கெட்டையும் அலுமாரித் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, பச்சைப்பயறும் கடலையும் கட்டிக் கொடுத்தார். கூட்டம் நின்ற நேரத்தில் எனக்காகக் கால் மணி நேரம் செலவழித்த மகராசி, நன்றாயிருக்க வேண்டும்.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. புண்ணும் மெல்ல ஆறி, அவர் திரும்பவும் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்.

ஆனால் அன்று கடையிலிருந்து திரும்பியதும் நடந்ததுதான் எனக்கு மறக்காது. வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "நான்தாங்க உங்களுக்குச் சீனி ஊட்டியிருக்கேன்" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் அது நல்லா இனிச்சிச்சு புள்ள" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ படிச்சுப் பாத்து வாங்குனதாச்சே. என் நாக்குதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."