செங்கல் வரம்புக்கு மேலே

இந்தக் குளிர்நாட்டில், பிக்கரிங் நகரில் எனக்குப் பக்கத்து வீடு செல்வரட்ணம் அண்ணையுடையது. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிடிவாதத்திலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி அக்கா, முன்பு சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் அடுக்குமாடி வீட்டில் இருந்த காலத்தில் பல்கனியில் பழைய பெயின்ற் வாளிகளில் மிளகாய் வளர்த்தவர். இந்த வீட்டை வாங்க வந்தபோது அறைகளைப் பார்க்கவில்லையாம். நேரே பின்வளவுக்குப் போய், வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்தாராம். சமைக்கும் குசினியின் வெளிச்சுவரோடு ஒட்டிப் பாத்தி கட்டினார். பகலில் காய்ந்த சுவர் இரவில் சூட்டை விடும். குளிர் வருவதற்குள் மிளகாய் பழுத்துவிடும். அதில் இடித்த தூள் எங்கள் வீட்டுக்கும் ஒரு போத்தல் வரும். அந்த வாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு ஊறும், கண்ணும் கலங்கும்.

அக்கா காலமான பிறகும் அண்ணை பாத்தியை விடவில்லை. ஒவ்வொரு மே மாதமும் மண் மூட்டை வாங்கிவந்து கொட்டி, கையால் தட்டி, சுவரோடு அணைத்துவிடுவார்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் போட்டால் யன்னலால குசினிக்குள்ளயும் மிளகாய் காய்க்கும்" என்று பகிடி பண்ணுவேன்.

"உமக்கு உது விளங்காது" என்பார்.

போன வருடம் பின்பக்க மரப்படி ஆடத் தொடங்க, புதிதாகக் கட்ட நகரசபையிடம் அனுமதி கேட்டார். பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் கிளிபோட் படியை விட்டுவிட்டுப் பாத்தியையே பார்த்தார். இங்கே வீட்டுச் சுவருக்குள் நிற்பது மரச் சட்டம். மண்ணுக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஒரு சாண் அளவாவது வெறும் கொங்கிறீற் அத்திவாரம் தெரிய வேண்டும், கட்டட விதி அதுதான் என்றார். அண்ணையின் சுவரிலோ மரம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. மண்ணை விலக்கி ஸ்குரூ டிரைவரால் குத்த, பால் விடாத பிளேன்ரீயில் ஊறிய விசுக்கோத்துப் போல இறங்கியது. மண்ணை எடுத்து, உக்கிய மரத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியில ஒருத்தரும் கை வைக்கேலாது. அது அவ கட்டினது!" என்று அண்ணை கத்தினார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அந்தச் சுவருக்குப் பின்னால இருக்கிறது அக்கான்ர குசினியெல்லோ? அது உக்கி விழட்டும் எண்டு விடப் போறியளோ?"

அடுத்த நாள் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போனேன். அவரே வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆழம் போனதும் மண்வெட்டி எதிலோ தட்டியது. சுவரோரமாக ஒரு வரிசை செங்கல். அக்கா வைத்த வரம்பு. நாங்கள் இருவருமே அதை மறந்துபோயிருந்தோம். அண்ணை செங்கல்லிலிருந்து மேலே மரம் வரை கையை விரித்துப் பார்த்தார். ஒரு சாண் இருந்தது.

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. மே மாதம் புதுமண் போடும் அக்கா, ஒவ்வொரு ஒக்டோபரிலும் அதேயளவு மேல்மண்ணை வாரி வாளிகளில் நிரப்பி, உள்ளே நிற்கும் கறிவேப்பிலைக்குக் கொண்டுபோவார். அண்ணை ஒருநாளும் எடுக்கவில்லை, போட்டது மட்டும்தான்.

"இதுதான் தம்பி அவ கட்டின பாத்தி. மேல கிடந்ததெல்லாம் என்ர மண். போடப் போட அவவைத்தான் மூடியிருக்கிறன்" என்றவர், அந்தச் செங்கல்லிலேயே குந்தியிருந்து அழுதார்.

மரம் மாற்றியாயிற்று. இந்த மே மாதம் மிளகாய்க் கன்றுகள் வரம்பு மட்டத்திலேயே நிற்கின்றன. நேற்று வேலிக்கு மேலால், வாய் பிரிக்காத மண் மூட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"வழக்கம் போல வாங்கிப்போட்டன். உம்மட வளவில நீர் போடும். சுவரை விட்டுத் தள்ளிப் போடும்."