சிவப்பு நூலைத் தாண்டாத ஸ்பீக்கர்

கல்யாணத்தின்போது வாங்கிய ஜோடி ஸ்பீக்கர் என்றால் தையல்காரருக்கு உயிர். வால்யூம் திருகில் மூன்றாம் எண்ணுக்கு நேராகச் சிவப்பு நூல் ஒட்டியிருந்தார்; யாராவது அதைத் தாண்டினால் வீடே ரெண்டாகிவிடும். பிற்பாடு காது மந்தமாகிப்போன மனைவி, "இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்களேன்" என்று கெஞ்சினாலும், "கிழிஞ்சு போச்சுன்னா உங்கப்பனா வந்து வாங்கித் தருவான்?" என்று எரிந்து விழுவார்.

அவள் போய்ச் சேர்ந்த மறு வருஷம் ஸ்பீக்கர் கரகரத்தது. மெக்கானிக் அதைத் திறந்து, உள்ளே இருந்த காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைத் தொட்டதும் அது மாவாக உதிர்ந்தது. திருகிலிருந்த சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"சத்தத்தால போகல ஐயா, வயசானா இது தானா உதிரும். மாத்திட்டா இன்னும் முப்பது வருஷம் பாடும். எவ்வளவு சத்தமா வெச்சிருந்தாலும் தாங்கியிருக்குமே!"

தையல்காரர் சிவப்பு நூலை நகத்தால் சுரண்டி எடுத்தார். பாட்டுக் கேட்க அவள் ஸ்பீக்கரை ஒட்டி இழுத்துப் போட்ட நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடந்தது.