முகோயோஷி என்றொரு உறவு

1. கோப்பை கழுவ வந்த நாள்

மொன்றியலில் அந்த ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்த முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கிச்சன் சுவரில் ஒரு முதியவரின் படம் இருந்தது. முதலாளி கென்ஜி அதன்முன் குனிந்து வணங்கினார். யாரென்று கேட்டேன். மனைவியின் அப்பா என்றவர், அடுத்த மூச்சில் தன் அப்பா என்றார்.

"மாமாவை அப்பா எண்டு சொல்லலாமா, பொஸ்?" என்று சிரித்துவிட்டேன்.

இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் கோபிக்காமல் விளக்கினார். முகோ என்றால் மருமகன், யோஷி என்றால் தத்துப்பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் கெட்டிக்கார வேலையாளாகப் பார்த்து மகளைக் கட்டிக்கொடுப்பார்களாம். அவனையே மகனாக எழுதி, குடும்பப் பெயரையும் கொடுப்பார்களாம். அந்த வழக்கத்துக்கென்றே இரண்டு சொல்லையும் சேர்த்து முகோயோஷி என்றார்கள். கென்ஜியும் அப்படி வந்தவர்தான்.

2. எத்தியேனின் பெயர்

சில வருடங்களில் நானும் குக் ஆகிவிட்டேன். கென்ஜியின் ஒரே மகள் மிக்கா, எங்களோடு கிரில் அடுப்பில் நின்ற பிரெஞ்சுப் பையன் எத்தியேனை விரும்பினாள். கென்ஜிக்கும் சம்மதம்தான். ஆனால் அவன் தங்கள் குடும்பப் பெயரை எடுக்கவேண்டும் என்றார். எங்கள் கியூபெக் மாகாணச் சட்டப்படி கல்யாணத்தால் யாருடைய பெயரும் மாறாது. தான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை, மாற்றவே மாட்டேன் என்று எத்தியேனும் சொல்லிவிட்டான்.

"அப்ப கல்யாணமும் இல்லை, கடையும் இல்லை" என்றார் கென்ஜி. மிக்கா குளிர் அறைக்குள் போய் நின்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார்.

"பொஸ், எண்ட புருசனும் எங்கட வீட்டுக்கு வந்த மாப்பிளதான். சொந்தப் பேரோடதான் வந்தவர். எங்கட அப்பா படுக்கையில கிடக்கேக்க கடைசிமட்டும் தூக்கிக் குளிப்பாட்டினது அவர்தான்."

கென்ஜி தன் பாட்டுக்கு வெங்காயத்தாள் அரிந்தார். மனிதர் பிடிவாதத்தில் நம்மவர்களுக்குக் குறைந்தவர் இல்லை.

"நீங்க பேரை மாத்தேக்க உங்கட அம்மா என்ன சொன்னவ?"

கத்தி நின்றது.

"கல்யாணத்துக்கே வரேல்ல" என்றார்.

3. கர்க்லாண்டில் ஒரு ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை கென்ஜி தானே சமைத்து எடுத்துக்கொண்டு, நகருக்கு வெளியே கர்க்லாண்டில் இருந்த எத்தியேனின் அம்மா வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னார்:

"மதாம், மகனை உங்களிட்ட இருந்து பறிக்க வரேல்ல. பேரும் உங்கட பேராவே இருக்கட்டும். எனக்கும் பிள்ளையா இருக்கட்டும்."

அந்த அம்மா எழுந்து வந்து, பிரெஞ்சுக்காரர் சொந்தக்காரரைக் கொஞ்சுவதுபோல், அவரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கென்ஜி அப்படியே சிவந்துபோனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரை உங்கள் வீட்டுக்கு எடுக்கும்போது, அவரை அனுப்புகிற வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.