தக்காளி நாற்றும் என் கைராசியும்

செடி விற்பவனுக்கு விதை, உரம் எல்லாம் அப்புறம்தான். முதலில் கைராசி வேண்டும். அடையாறில் நர்சரி வைத்திருக்கிறேன். "உங்க கையால எடுத்துக் குடுங்க" என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்குவார்கள். அந்தக் கைக்குத் தக்காளி நாற்று ரூபத்தில் சனி பிடித்தது. செடி விற்றுத் திட்டு வாங்கும் சக பாவிகளே, நீங்களாவது கேளுங்கள்!

பாசம் அதிகமானால்

மயிலாப்பூர் மாமி ஒருவர் என் பழைய வாடிக்கை. என்னிடம் வாங்கிய தக்காளி நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது என்று தொட்டியோடு வந்து நின்றார். மண்ணைத் தொட்டால் இட்லி மாவு பதம்.

"யார் மாமி தண்ணி ஊத்தறது?" என்றேன். வாக்கிங் கிளம்பும்போது மாமா. பூஜை முடிந்து மாமி. அரிசி களைந்த தண்ணீரை வீணாக்காமல் வேலைக்காரம்மா. ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளை. ஒருத்தர் ஊற்றியது இன்னொருத்தருக்குத் தெரியாது. அடக் கடவுளே, நாற்றுக்கு நீச்சலா தெரியும்? மேல் மண் காய்ந்தால்தான் தண்ணீர் விடணும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மாமி கேட்டால்தானே!

"ஆத்துல அத்தனை பேரும் ஆசையா பாத்துண்டோம், உனக்குத்தான் கைராசி போயிடுத்துப்பா."

ஏசியில் ஒரு தக்காளி

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். பிஞ்சு நாற்று வெயிலில் வாடுமே என்று பரிதாபப்பட்டு, கடைக்குள்ளே ஏசியில், பட்டுப்புடவை கட்டிய பொம்மையின் காலடியில் வைத்துவிட்டார். வெளிச்சம் தேடித் தேடி அது நூலாக நீண்டு மடங்கிப்போச்சு.

போனில், "வெயில்ல வைங்க அண்ணாச்சி" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கணும் என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார் மனுஷன். நேரே மொட்டை மாடி, உச்சி வெயில். மறுநாள் கருகிய செடியோடு வந்து கத்தினார்.

"ஏசியில வச்சாலும் சாவுது, வெயில்ல வச்சாலும் சாவுது, ஒம்ம கைதான் சரியில்லவே!"

மானம் காத்த தக்காளி

பேச்சு பரவிவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள் என்னைத் தாண்டி அடுத்த நர்சரிக்குப் போனார்கள். அவ்வளவு ஏன், என் பெண்டாட்டியே முருங்கைக் கொம்பு நடுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

விடுவேனா? புது நாற்றோடு நானே மாமி வீட்டுக்குப் போனேன். தொட்டியின் அடியில் கூடுதலாக ஓட்டை போட்டேன். இலையைச் சுருட்டும் வெள்ளை ஈக்கு, பசை தடவிய மஞ்சள் அட்டை தொங்கவிட்டேன். மாமா மட்டும், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால்தான் தண்ணீர் விடணும் என்று சத்தியம் வாங்கினேன்.

ஒரு நாள், அண்ணாச்சி என் நர்சரியில் இன்னொரு நாற்று வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்து இறங்கினார் மாமி, கையில் சிவக்கச் சிவக்க ஒரு தக்காளி! மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்: சொல்லுங்க மாமி, அண்ணாச்சி காதில் விழச் சொல்லுங்க!

"எங்காத்து மாமாவுக்கு என்ன கைராசி பாத்தியா!" என்றார் மாமி.

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்த மாமாவையே வரச் சொல்லுங்கம்மா, அவரு கையால எனக்கு ஒரு நாத்து எடுத்துத் தரட்டும்."

இப்போது நாற்று வளர்ப்பது நான், எடுத்துக் கொடுப்பது மாமா, செத்தால் மட்டும் என் கை.